மார்க் போடும் முள்

ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு காகித வட்டம். நடுவில் துளை, மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு, விளிம்பைச் சுற்றி 24 மணி நேரம். காலையில் வண்டி எடுக்கும் டிரைவர் அதன் நடுவில் தன் பெயர், தேதி, புறப்படும் ஊர், வண்டி எண், கிலோமீட்டர் கணக்கு எல்லாவற்றையும் பேனாவால் எழுதுவார். ஸ்பீடோமீட்டரின் முகப்பைத் திறந்து, வட்டத்தை உள்ளே மாட்டி மூடுவார். அதன் பிறகு எழுதுவது அவரல்ல. கடிகாரம் வட்டத்தைச் சுழற்ற, உள்ளே இருக்கும் மூன்று முட்கள் மெழுகைக் கீறிக்கொண்டே போகும்.

ஒரு முள் வேகத்தைக் கீறும். நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் கோடு மேலே தட்டையாக நிற்கும். ஊருக்குள் நுழைந்தால் ரம்பப் பல்லாகிவிடும். இரண்டாவது முள், டிரைவர் ஓட்டுகிறாரா, சரக்கு இறக்குகிறாரா, காத்திருக்கிறாரா, ஓய்வெடுக்கிறாரா என்று காட்டும். அதற்கென ஸ்டியரிங், இரண்டு சுத்தியல், குறுக்குக் கோடு போட்ட சதுரம், கட்டில் என்று நான்கு படங்கள் உண்டு. மூன்றாவது முள் மேலும் கீழுமாகப் போய் வரும். ஒரு ஏற்றத்துக்கு 5 கிலோமீட்டர், ஒரு இறக்கத்துக்கு 5 கிலோமீட்டர். எத்தனை மலை, எத்தனை பள்ளம் என்று எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். நடுவழியில் யாராவது முகப்பைத் திறந்தால் அதற்கும் ஒரு கீறல் விழும்.

இந்தக் கருவிக்கு டேக்கோகிராஃப் என்று பெயர். இன்று லாரி உரிமையாளரின் செல்போனில் 'டிரைவர் ஸ்கோர் 74' என்று வந்து நிற்கிறதே, அதன் கொள்ளுத்தாத்தா இந்த மெழுகு வட்டம்தான். சாலையில் ஓட்டும் ஒருவருக்கு மார்க் போடும் பழக்கம் எங்கே பிறந்து, யார் யார் கைமாறி நம் ஊருக்கு வந்தது என்று பார்க்க அந்த வட்டத்தைப் பின்தொடர்ந்தால் போதும்.

பிறந்த இடம் சாலையே இல்லை, தண்டவாளம். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மனியில் ரயில் வேகத்தைக் காகிதத்தில் பதியும் கருவியை உருவாக்கிய பெருமை மாக்ஸ் மரியா ஃபான் வெபருக்குத் தரப்படுகிறது. ரயில்வே பொறியாளர், நிர்வாகி, எழுத்தாளர். இசையமைப்பாளர் கார்ல் மரியா ஃபான் வெபரின் மகன். ரயில்வேக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி. வண்டி தாமதமானாலோ தடம் புரண்டாலோ என்ஜின் டிரைவர் ஒன்று சொல்வார், ஸ்டேஷன் மாஸ்டர் வேறொன்று சொல்வார். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு முள் இருந்தால் வழக்கு முடிந்துவிடும். அந்தக் காலத்து முள் டிரைவருக்கு எதிரியாகத்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. அளவோடு போன டிரைவருக்கு அதுவே பக்கபலமாகவும் இருந்தது.

தண்டவாளத்திலிருந்து அதைச் சாலைக்கு இறக்கியவர்களில் முக்கியமானவர்கள் கடிகாரம் செய்தவர்கள். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஃபிலிங்கென் என்ற ஊர். சுற்றுவட்டாரம் முழுக்கக் கடிகாரத் தொழில். அங்கே 1928இல் கீன்ஸ்லே என்ற நிறுவனம் டாக்ஸி மீட்டரும் இதுபோன்ற பதிவுக் கருவிகளும் செய்யத் தொடங்கியது. இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. டாக்ஸி மீட்டர் பயணியின் சந்தேகத்துக்குப் பதில். டேக்கோகிராஃப் முதலாளியின் சந்தேகத்துக்குப் பதில். தொடக்க கால எளிய கருவிகளில் சில வேகத்தைக்கூட அளக்கவில்லை. உள்ளே ஒரு ஊசல் தொங்கும். லாரி ஓடும்போது குலுங்கும், நின்றால் அடங்கும். எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பது மாலையில் முதலாளி மேசைக்கு வந்துவிடும். டீக்கடையில் உட்கார்ந்த அரைமணி நேரம் காகிதத்தில் ஏறியது அப்போதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களின் தொடக்கத்தில், மேற்கு ஜெர்மனி கனரக வாகனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 1970இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1463/70 என்ற விதியின் மூலம் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தியது. இந்தக் கட்டத்தில் கருவியின் வேலை மாறிப்போனது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாளிக்காகத் தொழிலாளியைக் கண்காணித்த முள், இப்போது தூக்கமில்லாமல் ஓட்டச் சொல்லும் முதலாளியையும் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. இன்றைய ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை விட வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு வாரம் சேர்த்து 90ஐத் தாண்டக் கூடாது. வட்டம் இல்லாவிட்டால் இதெல்லாம் வெறும் காகிதச் சட்டமாகவே இருந்திருக்கும்.

பிரிட்டன் டிரைவர்கள் இதை நம்பவில்லை. 1973இல் பிரிட்டன் அந்தச் சமூகத்தில் சேர்ந்தபோது கருவியும் கூடவே வந்தது. 'கேபினுக்குள் ஒற்றன்' என்று பெயர் வைத்துப் போக்குவரத்துத் தொழிற்சங்கம் எதிர்த்தது. அரசும் தொழிற்சங்கத்தோடு மோத விரும்பாமல், வேண்டுமானால் மாட்டிக்கொள்ளலாம் என்று இழுத்தடித்தது. ஐரோப்பிய ஆணையம் வழக்குப் போட்டது. 1979 பிப்ரவரி 7 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: தனக்கு வசதியான விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட ஒரு உறுப்பு நாட்டுக்கு உரிமையில்லை. அதன் பிறகுதான் 1981 முடிவுக்குள் பிரிட்டிஷ் லாரிகளில் வட்டம் சுழன்றது.

ஒற்றன் என்ற பெயர் ஓரளவுக்குத்தான் பொருந்தும். ஒற்றன் எழுதுவது ஒற்றப்படுகிறவனுக்குத் தெரியாது. இந்த வட்டமோ டிரைவர் கையாலேயே உள்ளே போய், அவர் கையாலேயே வெளியே வந்தது. படிக்க எந்தச் சாவியும் வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்தாலே தெரியும். 1985இல் வந்த 3821/85 விதி, நிறுவனம் வட்டங்களை ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும், டிரைவர் கேட்டால் நகல் கொடுக்க வேண்டும் என்று எழுதியே வைத்தது. விபத்து நடந்தால் கீன்ஸ்லே நிபுணர்கள் வட்டத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து மோதலுக்கு முந்தைய கடைசி விநாடிகளின் வேகத்தைப் படிப்பார்கள். குழந்தை குறுக்கே ஓடியபோது டிரைவர் பிரேக்கை மிதித்தாரா, எப்போது மிதித்தார் என்பது தலைமுடி அகலக் கீறலில் இருக்கும். அப்படிக் காப்பாற்றப்பட்டவர்களும் உண்டு, மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

ஏமாற்றாமலும் இருக்கவில்லை. வேக முள்ளைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் கோடு தாழ்வாக விழும். ஃபியூஸைப் பிடுங்கலாம். இரண்டு வட்டம் வைத்துக்கொண்டு, ஓடாத ஆளின் பெயரில் ஒன்றை ஓட்டலாம். இதையெல்லாம் அடைக்கத்தான் 2006 மே 1 முதல் புதிய லாரிகளில் டிஜிட்டல் டேக்கோகிராஃப் வந்தது. காகிதத்துக்குப் பதில் டிரைவர் பெயரில் சிப் வைத்த அட்டை. உடனே கியர்பாக்ஸ் சென்சார் மேல் காந்தம் ஒட்டும் வித்தையும் வந்துவிட்டது. லாரி ஓடும், கருவிக்கு மட்டும் நிற்பதாகத் தோன்றும். அதற்குப் பதிலாக 2019இல் செயற்கைக்கோள் வழி இடமும் பதியும் 'ஸ்மார்ட்' வகை.

ஆனால் இதுவரை சொன்ன எதுவும் மார்க் அல்ல. டேக்கோகிராஃப் விதி மீறினாயா, இல்லையா என்று மட்டும் கேட்கும். நன்றாக ஓட்டினாயா என்ற கேள்வி டீசல் விலையோடு வந்தது. பழைய வட்டங்களிலேயே சிலவற்றில் பின்பக்கத்தில் இன்ஜின் சுழற்சியும் பதிவாகும். எந்த கியரில் எவ்வளவு முறுக்கினார் என்பதை முதலாளி அதில் பார்க்கலாம். ஆனால் எவ்வளவு டீசல் எரிந்தது என்று வட்டத்துக்குத் தெரியாது. அந்த ரகசியம் இன்ஜினுக்குள் இருந்தது.

1986இல் பாஷ் நிறுவனம் கேன் பஸ் என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. வண்டியின் கணினிகள் எல்லாம் ஒரே ஜோடிக் கம்பியில் பேசிக்கொள்ளும். ஆக்சிலேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டது, பிரேக் எப்போது, சுழற்சி எத்தனை, எரிபொருள் எவ்வளவு, எல்லாமே அந்தக் கம்பியில் ஓடும். 2002இல் ஐரோப்பாவின் பெரிய லாரி நிறுவனங்கள் சேர்ந்து, அதில் ஒரு பகுதியை வெளியாள் படிக்க எஃப்.எம்.எஸ். என்ற பொது வாசலைத் திறந்துவிட்டன. முள் கீறிய மூன்று கோடுகளுக்குப் பதில் இப்போது நூற்றுக்கணக்கான எண்கள். அத்தனையையும் ஒரு மனிதர் படிக்க முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் பிழிந்து ஒரே எண் ஆக்கினார்கள். அந்த எண்தான் ஸ்கோர்.

எதற்கு மார்க் விழுகிறது என்பதில் வியப்பான நேர்மை ஒன்று இருக்கிறது. வோல்வோ லாரிகளின் டைனாஃப்ளீட் சேவை நான்கு தலைப்பில் பார்த்தது: முன்கூட்டிக் கணித்து பிரேக் போடுவது, இன்ஜினையும் கியரையும் பயன்படுத்துவது, வேகத்தை இடத்துக்கேற்ப வைப்பது, நின்றபடி இன்ஜினை ஓடவிடுவது. 2009இல் ஸ்கேனியா கொண்டுவந்த 'டிரைவர் சப்போர்ட்' மலைப்பாதையில் ஓட்டும் விதத்தையும் சேர்த்துக்கொண்டது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்கு. பிரேக் போடும் ஒவ்வொரு முறையும், டீசல் கொடுத்து வாங்கிய வேகம் வெறும் சூடாகப் போய்விடுகிறது. முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுத்து உருளவிடுகிறவர் டீசலையும் மிச்சம் பிடிக்கிறார், முன்வண்டியின் முதுகில் மோதாமலும் இருக்கிறார். பாதுகாப்பும் சிக்கனமும் இவ்வளவு அழகாக ஒத்துப்போகும் இடம் வேறு தொழிலில் குறைவு.

இதில் நம் ஊருக்கு நேரான பாடம் ஒன்று உண்டு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு லாரியை உருளவிட்டால் டீசல் மிச்சம் என்று நம்பும் டிரைவர்கள் எத்தனையோ பேர். அந்த மலையில் நடந்த விபத்துகளுக்குப் பிறகெல்லாம் திரும்பத் திரும்பப் பேசப்படும் காரணங்களில் இது ஒன்று. நியூட்ரலில் போட்டதும் இன்ஜின் பிடித்து நிறுத்தும் விசை அறுந்துபோகிறது. பாரம் முழுதும் பிரேக் மேல் விழுகிறது. பிரேக் டிரம் பழுக்கச் சூடாகிப் பிடிப்பை இழக்கிறது. சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைக்கிறவர்கள் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரையும் சேர்த்தே அணைக்கிறார்கள். இதில் மிச்சமாவது என்ன? இன்றைய இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் ஊற்றுவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் கியரில் வருகிறவர்தான் இரண்டு வகையிலும் ஜெயிக்கிறார். போலீஸ் போர்டு வைத்து எத்தனை வருஷம் சொன்னாலும் மனதில் ஏறாதது, வண்டியே திரையில் காட்டினால் ஒருவேளை ஏறலாம்.

ஸ்கேனியா செய்தது அதைத்தான். நட்சத்திரமும் குறிப்பும் டிரைவர் கண்ணெதிரே, ஒரு மேடு முடிந்த அடுத்த நொடியில் வரும். ஸ்கோர் என்ற சாதனம் தன் பயணத்தில் எட்டிய உச்சம் இதுதான் என்பது என் எண்ணம். பக்கத்தில் உட்கார்ந்து 'கொஞ்சம் முன்னாடியே காலை எடுத்திருக்கலாமே' என்று சொல்லும் மூத்த டிரைவரின் இடம் அது. அதே எண் கேபினை விட்டு இறங்கிய நாளிலிருந்து வேறு குணத்துக்கு மாறிவிட்டது.

நம் அரசுப் பேருந்து டிப்போக்களில் இந்தக் குணத்தைக் கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரவு வண்டி டிப்போவுக்குள் வந்ததும் டீசல் பங்க்கில் டேங்கை நிரப்புவார்கள். அன்று ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கே.எம்.பி.எல். வந்துவிடும். ஐந்து, ஐந்தரை என்று வரும் அந்த எண்ணில் ஒரு புள்ளி குறைந்தாலும் கூப்பிட்டுக் கேட்பார்கள். டிரைவர் சொல்லும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றே. 'சார், வண்டி அப்படி.' பத்து வருஷம் ஓடிய வண்டியும் புது வண்டியும் ஒரே டீசல் குடிக்காது. தீபாவளிக் கூட்டத்தோடு படிக்கட்டில் தொங்கியபடி போன டிரிப்பும் மதிய வேளைக் காலி டிரிப்பும் ஒன்றல்ல. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் டவுன் பஸ்ஸையும் மதுரை பைபாஸில் பறக்கும் வண்டியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எண்ணுக்கு இது தெரியாது. தெரிந்த டிப்போ ஆள் இருந்தால் தட்டிக்கொடுத்து விடுவார். இல்லாவிட்டால் டிரைவர் எண்ணுக்காக ஓட்டுவார். நிறுத்தத்தில் கையை நீட்டும் பாட்டியைப் பார்த்தும் பார்க்காமல் போகும் பஸ்ஸில், நிறுத்திக் கிளப்பினால் செலவாகும் அந்தக் கொஞ்சம் டீசலுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

எண்ணுக்காக ஓட்டும் ஆபத்தை ஐரோப்பியச் சட்டம் ஒரு பக்கத்தில் புரிந்துவைத்திருக்கிறது. 2006இன் 561 விதியில் பத்தாவது பிரிவு, சாலைப் பாதுகாப்புக்குக் கேடு வரும் வகையில் ஓடிய தூரத்தையோ ஏற்றிய சரக்கையோ வைத்து டிரைவருக்குப் போனஸோ சம்பளமோ கொடுக்கக் கூடாது என்கிறது. டிரிப் கணக்கில் படி வாங்கும் நம் டிரைவருக்கு இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார்.

ஸ்கோரின் அடுத்த பாய்ச்சல் லாரியிலிருந்து சொந்தக் காருக்கு. அமெரிக்காவின் ப்ரோக்ரெசிவ் காப்பீட்டு நிறுவனம் 1990களின் கடைசியில் டெக்சாஸில் சோதித்துப் பார்த்தது. பின்னர் 'ஸ்னாப்ஷாட்' என்ற பெயரில் நாடெங்கும் விற்றது. காரின் சர்வீஸ் சாக்கெட்டில் ஒரு சிறு பெட்டியைச் செருக வேண்டும். நன்றாக ஓட்டினால் பிரீமியத்தில் தள்ளுபடி. ஒரு விநாடிக்குள் வேகம் மணிக்கு 7 மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டர் குறைந்தால் அது 'கடும் பிரேக்'. பெட்டி 'பீப்' என்று கத்தும். நாய் குறுக்கே வந்ததா, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்து கடைசி நொடியில் மிதித்தாரா என்று பெட்டி கேட்காது. மஞ்சள் விளக்கு விழும்போது நிறுத்தினால் பீப், தாண்டிப் போனால் சத்தமில்லை. எதைச் செய்யத் தோன்றும்?

அதுவாவது, கேட்டு வாங்கிச் செருகிய பெட்டி. காருக்குள்ளேயே சிம் கார்டு வந்த பிறகு பெட்டியும் தேவையில்லாமல் போனது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் காரை ஓட்டிய ஒருவரின் காப்பீட்டுக் கட்டணம் 21 சதவீதம் ஏறியிருக்கிறது. விபத்தும் இல்லை, அபராதமும் இல்லை. காரணம் தேடியவர் லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் நிறுவனத்திடம் தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினார். 258 பக்கம். ஒவ்வொரு பயணமும், அதில் கடுமையாக பிரேக் போட்டாரா, சட்டென்று வேகமெடுத்தாரா என்பது உட்பட அந்த அறிக்கையில் இருந்தது. 'ஸ்மார்ட் டிரைவர்' என்று நல்ல டிரைவர் ஆவதற்கான உதவியாக விற்கப்பட்ட வசதியிலிருந்து போனவை அவை. நிறுவனம் அந்த மாதமே பகிர்வை நிறுத்தியது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், இருப்பிடமும் ஓட்டும் விதமும் பற்றிய தகவலை அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குக் கொடுக்க ஐந்தாண்டு தடை என்று அறிவித்தது. சில கார்களின் இடத்தை மூன்று விநாடிக்கு ஒருமுறை எடுத்திருக்கிறார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. பிரிட்டனில் 'ஒற்றன்' என்று கூச்சலிட்ட டிரைவர்கள் தப்பான கருவியைப் பார்த்துக் கூச்சலிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இந்தியாவில் இந்தச் சாதனம் தாமதமாக வந்து வேகமாகப் பரவுகிறது. பொதுப் போக்குவரத்து வண்டிகளில் ஏ.ஐ.எஸ். 140 தரத்தில் ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. அசோக் லேலண்டின் ஐ-அலர்ட், டாடாவின் ஃப்ளீட் எட்ஜ் போன்றவை லாரியோடு சேர்ந்தே வருகின்றன. உரிமையாளர் நாமக்கல்லில் உட்கார்ந்தபடி நாக்பூரில் ஓடும் தன் வண்டியின் டீசலைப் பார்க்கலாம். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஓடும் தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்பப் பிரீமியம் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. லாப நட்டம் உரிமையாளருடையது, ஓட்டுகிறவர் வேறு ஆள் என்ற நிலையில், சிக்கல் தொடங்குவது அங்கேதான். எந்தச் செயலுக்கு எத்தனை மார்க் என்ற சூத்திரத்தைச் செயலி செய்தவர்கள் முழுதாக வெளியில் சொல்வதும் அபூர்வம்.

தன் ஸ்கோரையும் அதன் கணக்கையும் டிரைவர் கேட்டுப் பெற முடியுமா? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய தரவின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் ஒப்புதல் வாங்கித் தரவு எடுத்தவர்களிடம்தான் அந்த உரிமை செல்லும். வேலை தொடர்பாகவோ நட்டத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவோ முதலாளி எடுக்கும் தரவுக்கு ஒப்புதலே தேவையில்லை என்கிறது 7ஆவது பிரிவு. சட்டப்படி, ஒப்புதல் கொடுத்த கார் சொந்தக்காரர் கேட்கலாம். சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கு, 1985 விதி ஒரு ஜெர்மன் லாரி டிரைவருக்குக் கொடுத்த நகல் உரிமைகூட இந்தச் சட்டத்தின் எழுத்தில் உறுதியாக இல்லை.